ஜங்கா: காலின் ஓர் உறுப்புப் பெயரும் அதன் பொருள் வரலாறும்

உடலுறுப்புகளின் பெயர்கள் எல்லோரும் அறிந்தவை. ஆகவே ஐயத்துக்கு இடமில்லாதவை என்று நாம் எண்ணுகிறோம். கண், காது, மூக்கு ஆகியவற்றைப் பொறுத்தவரை அது உண்மையே. காலைப் பற்றிப் பேசும்போது நிலைமை மாறுகிறது. இடுப்பிலிருந்து பாதம் வரை நீண்டு கிடக்கும் இவ்வுறுப்பை எங்கே பிரிப்பது, எப்பகுதிக்கு எப்பெயர் இடுவது என்பதில் மொழிக்கு மொழி வேற்றுமை உண்டு. ஒரே சொல் ஒரு மொழியில் முழங்காலுக்குக் கீழும், அதன் வழிவந்த மற்றொரு மொழியில் முழங்காலுக்கு மேலும் நிற்பதைக் காண்கிறோம். அத்தகைய சொற்களுள் முதன்மையானது ‘ஜங்கா’ என்ற வடசொல்லாகும். களப்பணியாளரும் ஆசிரியரும் இச்சொல்லின் வரலாற்றை அறிந்திருப்பது ஏட்டறிவுக்கு மட்டுமன்றி அன்றாட வேலைக்கும் பயன்படும்.

இக்கட்டுரை எழுதக் காரணமாயிருந்தது என் பிழை ஒன்றே. சில ஆண்டுகளுக்கு முன்பு ஹிந்தியில் வந்த முதலுதவிக் குறிப்பொன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் ‘ஜாங்க்’ முறிந்தால் மட்டை வைத்துக் கட்டும் முறை கூறப்பட்டிருந்தது. கல்லூரியில் கற்ற வடமொழியை நம்பி, நான் அதைக் ‘கணைக்கால்’ என்று எழுதிவிட்டேன். அச்சுப்படி திருத்திய நண்பர் ஒருவர், மட்டையின் நீளம் அக்குளிலிருந்து குதிகால் வரை என்றிருப்பதைக் கண்டு, “கணைக்காலுக்கு ஏன் ஐயா இவ்வளவு நீண்ட மட்டை?” என்று கேட்டார். அப்போதுதான் என் தவறு விளங்கிற்று. மூலத்தில் கூறப்பட்டது தொடை. கணைக்கால் முறிவுக்கும் தொடை முறிவுக்கும் கட்டும் முறை வேறு. ஆபத்தின் அளவும் வேறு. தொடையெலும்பு முறிந்தால் வெளியே தெரியாமலே உட்புறத்தில் மிகுந்த குருதி கசியக்கூடும். அக்குறிப்பு அப்படியே அச்சேறியிருந்தால் அதன் விளைவைக் கிராமத்தில் யாரோ ஒருவர் ஏற்றிருப்பார்.

வடமொழியில் இச்சொல்லின் பொருள்

பழைய வடமொழி மருத்துவ நூல்களில் ஜங்கா என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியே. இதற்கு உறுதியான சான்று எலும்புக் கணக்கில் கிடைக்கிறது. சரகர் பெயரால் வழங்கும் நூல் மனித உடலில் 360 எலும்புகள் உண்டென்று கூறுகிறது. சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் 300 என்கிறது. இன்றைய கணக்கு, வளர்ந்த மனிதருக்கு 206. பற்களையும் நகங்களையும் சரகர் சேர்த்து எண்ணியது வேற்றுமைக்கு ஒரு காரணம். ஆனால் காலைப் பொறுத்தவரை அவர் கணக்கு வியக்கத்தக்கவாறு ஒத்துப்போகிறது. இரண்டு தொடைகளுக்கும் சேர்த்து இரண்டு எலும்புகள். இரண்டு ஜங்கைகளுக்கும் சேர்த்து நான்கு. அதாவது ஒரு தொடைக்கு ஒன்று, ஒரு ஜங்கைக்கு இரண்டு. மனிதக் காலில் இணையாக இரண்டு நீண்ட எலும்புகள் அமைந்த இடம் முழங்காலுக்குக் கீழே மட்டுமே உண்டு. டிபியா, ஃபிபுலா என்று இன்று நாம் அழைப்பவை அவையே. ஆகவே சரகர் கருதிய ஜங்கா எது என்பதில் ஐயமில்லை. தொடைக்கு வடமொழியில் ‘ஊரு’ என்ற தனிச்சொல் உண்டு.

இக்கணக்குகளை எல்லாம் முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தவர் ருடால்ஃப் ஹொர்ன்லே என்பவர். கல்கத்தா மதரசாவின் தலைவராகப் பணிபுரிந்த இவர், பண்டைய இந்தியரின் எலும்பியல் அறிவைப் பற்றி 1907 இல் ஒரு நூல் வெளியிட்டார். பழைய பெயர்களை அகராதியை மட்டும் கொண்டு பொருள்கொள்ளாமல், எலும்புக் கூட்டுடன் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்க முயன்றது அந்நூலின் சிறப்பாகும்.

கட்டடக் கலையிலும் இச்சொல் உண்டு. ஒடிசாவின் கோயில்களில் சுவர்ப் பகுதியைச் சிற்பிகள் மூன்றாகப் பிரிப்பர்: அடியில் ‘பாபாகம்’, அதன்மேல் ‘ஜாங்க’, அதற்கும் மேல் ‘பரண்ட’. பாபாகம் என்றால் பாதப்பகுதி. பாதத்துக்கு அடுத்து மேலே நிற்பது ஜங்கா என்ற பழைய உடற்கூற்று வரிசை இங்கே கல்லில் நிலைத்துள்ளது.

சொல்லின் பிறப்பு

இச்சொல் எதிலிருந்து வந்தது? கொல்கத்தாவில் இவ்வினாவைக் கேட்பது பொருத்தமே. 1784 இல் இந்நகரில் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ், 1786 இல் அக்கழகத்தில் ஆற்றிய உரையில்தான் வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். அவ்வழியில் பின்னர் வளர்ந்த ஒப்பிலக்கணம், ஜங்காவுக்கு உறவான சொற்களைப் பல மொழிகளில் கண்டறிந்துள்ளது. பழைய ஈரானிய மொழியாகிய அவெஸ்தாவில் ‘ஸங்க’ என்பது கணுக்காலைக் குறிக்கும். லிதுவேனிய மொழியில் இதற்கு உறவான வினைச்சொல் அடியெடுத்து வைத்தலைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் ‘கங்கன்’ என்றால் நடத்தல். இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கினால், மூலச்சொல்லின் கருத்து ‘நடை’ அல்லது ‘அடிவைப்பு’ என்பது விளங்கும். வடமொழியிலேயே விரைந்து நடப்பவனை ‘ஜங்கால’ என்றும், கால்நடையாகச் செய்தி கொண்டு செல்பவனை ‘ஜாங்கிக’ என்றும் கூறுவது இதனை வலியுறுத்துகிறது.

எனவே இச்சொல் முதலில் ஓர் எலும்பின் பெயரன்று. ஒரு செயலின் பெயர். நடக்கும் உறுப்பு எதுவோ அது ஜங்கா. நடப்பதில் கணுக்காலும் உண்டு, கணைக்காலும் உண்டு, தொடையும் உண்டு. ஆகவே ஒரு கூட்டத்தார் கணுக்காலிலும் மற்றொரு கூட்டத்தார் கணைக்காலிலும் அச்சொல்லை நிறுத்திக்கொண்டது இயல்பே.

பொருள் மேலேறிய விதம்

வடமொழியில் கணைக்காலாக இருந்த சொல், அதன் வழிவந்த சில மொழிகளில் முழங்காலைத் தாண்டி மேலே சென்றுவிட்டது. ஹிந்தியிலும் குஜராத்தியிலும் ‘ஜாங்க்’ என்றால் தொடை. மகாபாரதத்தில் பீமன் கதையால் அடித்து முறித்தது துரியோதனனின் தொடை. வடமொழியில் அது ‘ஊரு’. பாசனின் நாடகத்துக்கு ‘ஊருபங்கம்’ என்றே பெயர். அதே கதையை இன்று ஹிந்தியில் சொல்பவர் ‘ஜாங்க்’ என்கிறார். கதை மாறவில்லை, சொல் இடம் மாறிற்று.

இதற்கு எளிய சான்று கொல்கத்தாவின் துணிக்கடைகளிலேயே உண்டு. ஆடவர் உள்ளே அணியும் குட்டையான ஆடையை ஹிந்தியிலும் வங்காளத்திலும் ‘ஜாங்கியா’ என்பர். ஜங்கா என்பது எக்காலத்தும் கணைக்காலாகவே இருந்திருந்தால், அவ்வாடை குதிகாலைத் தொட்டிருக்க வேண்டும்.

ஆயினும் பேச்சில் இடம் மாறிய சொல், நூலில் பழைய இடத்திலேயே நிற்கிறது. வங்காளப் பள்ளி நூல்களில் ‘ஜங்காஸ்தி’ என்றால் டிபியா. ‘அனுஜங்காஸ்தி’ என்றால் ஃபிபுலா. ஹிந்திக் கலைச்சொற்களிலும் டிபியா ‘அந்தர்ஜங்கிகா’, ஃபிபுலா ‘பஹிர்ஜங்கிகா’. அதாவது ஜங்கையின் உட்புற எலும்பு, வெளிப்புற எலும்பு. ஆகவே ஹிந்தி பேசும் மாணவன் வீட்டில் தொடையை ஜாங்க் என்று சொல்லி வளர்ந்து, வகுப்பில் அதே சொல்லின் மூலவடிவைக் கணைக்காலுக்குப் படிக்கிறான். மொழிபெயர்ப்பவர் தம் முன்னுள்ள எழுத்து பேச்சுவழக்கா, கலைச்சொல் வழக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். நான் பார்க்கத் தவறியது அதுவே.

கொல்கத்தாவும் உடற்கூற்றுச் சொற்களும்

மேலைநாட்டு உடற்கூற்றியலை இந்திய மொழிச் சொற்களில் எழுதும் முயற்சிக்கு இந்நகரமும் இதன் சுற்றுப்புறமும் பழைய களமாகும். ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள சீராம்பூரில், வில்லியம் கேரியின் மகன் ஃபீலிக்ஸ் கேரி 1819-20 ஆண்டுகளில் உடற்கூற்றைப் பற்றி வங்காளத்தில் நூல் வெளியிட்டார். 1835 இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி நிறுவப்பெற்றது. அங்கே ஆசிரியராயிருந்த பண்டிதர் மதுசூதன குப்தர் 1836 இல் மனித உடலை அறுத்து ஆராய்ந்து, சமூகத் தடையை மீறி வழிகாட்டினார்.

குப்தரைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் அறியவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அவர் சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்றுக் கற்பித்தவர்; சுசுருத சங்கிதையை அச்சுக்குக் கொண்டுவந்தவர்; ஹூப்பர் என்பவரின் ஆங்கில உடற்கூற்றுக் கைந்நூலை வடமொழியில் பெயர்த்தவர். பழைய நூலின் சொல்லையும் புதிய நூலின் பொருளையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் கையாண்டார். பின்னர் அவ்விரண்டையும் உடலின்மீதே வைத்துப் பார்க்கும் வாய்ப்பையும் பெற்றார். கலைச்சொல் வேலைக்கு இதனினும் சிறந்த பயிற்சி இருக்க முடியாது.

தமிழிலும் இத்தகைய முயற்சி விரைவிலேயே தோன்றிற்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் வழியே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872 இல் வெளியிட்டார்.

குழல், நாணல், தண்டு

கணைக்காலின் பெரிய எலும்புக்கு இலத்தீன் தந்த பெயர் டிபியா. ரோமரின் மொழியில் அச்சொல்லுக்குக் கணைக்கால் எலும்பு என்றும், ஊதுகுழல் என்றும் இரு பொருள் உண்டு. நீண்டு உள்ளே துளையுள்ள எலும்பு, குழலுக்கு ஒப்பாயிற்று. அருகில் நிற்கும் மெல்லிய எலும்பாகிய ஃபிபுலாவின் பெயர், ஆடையைச் சேர்த்துக் குத்தும் ஊசியைக் குறிப்பது. இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பார்த்தால், சட்டமும் அதில் பொருந்திய ஊசியும் போலத் தோன்றும். திபெத்திய பௌத்தர் சடங்குகளில் ஊதும் எலும்புக் குழலுக்குக் ‘காங்லிங்’ என்று பெயர். கால்குழல் என்பது அதன் நேர்ப்பொருள். அது மரபாகத் தொடையெலும்பினால் செய்யப்படுவது என்பது குறிப்பிடத்தக்கது.

சுசுருதர் எலும்புகளை ஐந்து வகையாகப் பகுத்தார். அவற்றுள் நீண்ட எலும்புகளுக்கு அவர் இட்ட பெயர் ‘நளகம்’. நளம் என்பது நாணல். உள்ளே துளையுள்ள தண்டு. இலத்தீன் குழலைக் கண்ட இடத்தில் வடமொழி நாணலைக் கண்டது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘கணை’ என்ற சொல்லுக்கு அம்பு என்ற பொருளே பலருக்கும் நினைவு வரும். ஆனால் திரட்சி என்ற பொருளும் அதற்குப் பழமையானது. சங்கப் பாடல்களில் நெய்தற்பூவின் காம்பைக் கணைக்கால் என்று கூறுமிடத்து உரையாசிரியர்கள் ‘திரண்ட தண்டு’ என்று பொருள் உரைப்பர். ஆகவே கணைக்கால் என்பது திரண்டு நீண்ட தண்டு போன்ற கால் என்றாகிறது. சேர மன்னன் ஒருவன் கணைக்கால் இரும்பொறை என்று பெயர் பெற்றிருந்தமையால், இவ்வுறுப்புப் பெயரின் பழமை புலனாகும். குழலும் நாணலும் தண்டும் ஒரே வடிவத்தின் மூன்று உவமைகள். வெவ்வேறு மொழிகள் ஒரே உறுப்பைக் கண்டு ஒத்த உவமையை அடைந்திருப்பது, உவமை உறுப்பின் வடிவிலிருந்தே எழுந்தது என்பதைக் காட்டுகிறது.

இங்கே ஒரு வேற்றுமையைக் கவனிக்கலாம். ஜங்கா செயலால் அமைந்த பெயர். ஆகவே அது இடம் பெயர்ந்தது. கணைக்கால் வடிவால் அமைந்த பெயர். அது தன் இடத்திலேயே நின்றது. இதையே பொதுவிதியாக்கிவிடக் கூடாது எனினும், இவ்விரு சொற்களின் வரலாற்றுக்கு இது பொருந்துகிறது.

கால் என்பது எது?

தமிழில் ‘கால்’ என்றால் இடுப்பிலிருந்து விரல் நுனி வரை முழுவதும் அடங்கும். பாதத்தை மட்டும் குறிப்பதும் உண்டு. காலில் முள் தைத்தது என்றால் பாதம். கால் நீண்டவன் என்றால் முழு உறுப்பு. வங்காளத்தில் ‘பா’ என்ற சொல்லும் இவ்வாறே இரண்டையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘லெக்’ என்ற சொல்லோ பேச்சில் முழுக்காலையும், உடற்கூற்று நூல்களில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் குறிப்பது. மருத்துவ நூலில் வரும் லெக் என்பதைக் கால் என்று பெயர்த்தால் பொருள் விரிந்துவிடும். அங்கே கணைக்கால் என்பதே நேரான சொல். ஜங்காவில் நேர்ந்த குழப்பம் ஆங்கிலத்திலும் வேறு வடிவில் காத்திருக்கிறது.

களப்பணியில் இதன் விளைவு

மானிடவியல் அளவெடுப்பில் பெயர்ப்பிழை எவ்வாறு எண்பிழையாகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். தொடையெலும்பின் நீளம் ஒருவரது உயரத்தில் ஏறத்தாழ நூற்றில் 26 அல்லது 27 பங்கு. டிபியாவின் நீளம் ஏறத்தாழ 22 பங்கு. அகழ்வில் கிடைத்த எலும்பொன்று 43 செண்டிமீட்டர் என்று கொள்வோம். அது தொடையெலும்பானால் அம்மனிதரின் உயரம் ஏறத்தாழ 160 செண்டிமீட்டர். பதிவேட்டில் ‘ஜங்கா எலும்பு’ என்று மட்டும் எழுதியிருந்து, படிப்பவர் அதை டிபியா என்று கொண்டால், உயரம் ஏறத்தாழ 195 செண்டிமீட்டர் ஆகிவிடும். நடுத்தர உயரமுள்ள ஒருவர் ஒரு சொல்லினால் பேருருவம் பெறுகிறார். துல்லியமான கணக்குக்கு மக்கட்கூட்டம், பாலினம் ஆகியவற்றுக்கு ஏற்ற தனி வாய்பாடுகள் உண்டு. ஆனால் எலும்பின் பெயரே தவறினால் எவ்வாய்பாடும் உதவாது.

விலங்கியல் களப்பணியாளருக்கும் இதில் பாடம் உண்டு. கொக்கின் காலில் பின்நோக்கி மடங்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்பர். அது கணுக்கால். உண்மையான முழங்கால் உடலையொட்டி இறகுகளுள் மறைந்துள்ளது. பறவையின் காலில் செதில் மூடித் தெரியும் நீண்ட பகுதி, பாதத்தின் எலும்புகள் கணுக்கால் எலும்புகளோடு இணைந்து நீண்டது. அளவுக் குறிப்பேடுகளில் ‘டார்ஸஸ்’ என்று எழுதப்படுவது அதுவே. உணவுக்கடையில் தொடை என்று சொல்லி வாங்கும் கோழிக்காலின் நுனித்துண்டும், சரியாகச் சொன்னால் கணைக்காலே. குதிரையின் முன்காலில் முழங்கால் எனப்படுவது நம் மணிக்கட்டுக்கு ஒப்பானது.

பூச்சிகளின் காலிலும் ஃபீமர், டிபியா, டார்ஸஸ் என்ற பெயர்கள் உண்டு. இவை ஒப்புமையால் இரவல் பெற்றவை. பூச்சிக்கு எலும்பே கிடையாது. அவ்வாறே ‘கணுக்காலிகள்’ என்ற தமிழ்ப்பெயரைக் கேட்டுக் கணுக்கால் உடையவை என்று மாணவர் பொருள்கொள்வதுண்டு. கணு என்பது கரும்பிலும் மூங்கிலிலும் உள்ள இணைப்பு. கணுக்கணுவாக அமைந்த கால்களை உடையவை என்பதே அப்பெயரின் கருத்து.

வகுப்பில் செய்து பார்க்க

மாணவர்களை உட்காரவைத்து, முழங்காலிலிருந்து கீழ்நோக்கிக் காலின் முன்பக்கத்தை விரலால் தடவச் சொல்லுக. தோலுக்கு அடியில் தசையின்றிக் கூரிய விளிம்பாகத் தட்டுப்படுவது டிபியா. அது கணுக்காலின் உட்பக்க முட்டில் முடியும். வெளிப்பக்க முட்டு ஃபிபுலாவின் முடிவு. பின்புறத்தில் திரண்டிருக்கும் தசையைக் கெண்டைச்சதை என்பதன் காரணத்தைக் கேட்கலாம். நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் கெண்டைமீனின் வடிவை மாணவரே கண்டு சொல்வர். பின்னர் ஒவ்வொரு பகுதிக்கும் அவரவர் ஊரில் வழங்கும் பெயரைப் பலகையில் எழுதச் செய்க. ஒரே பெயர் இரண்டு இடங்களுக்கு வருமாயின் அதுவே நல்ல பாடமாகும்.

பதிவேடு எழுதுவோர் பின்பற்றத்தக்க முறை எளியது. உறுப்பின் பெயரை எழுதும்போது அதன் எல்லைகளாகிய இரண்டு மூட்டுகளையும் உடன் எழுதுக: ‘கணைக்கால், முழங்கால் முதல் கணுக்கால் வரை’ என்பது போல. எலும்பானால் அதன் பன்னாட்டுப் பெயரையும் தமிழ் எழுத்தில் சேர்க்க. பிறர் கூறிய பெயரைப் பதிவு செய்யும்போது, அவர் கை எவ்விடத்தைத் தொட்டுக் காட்டியது என்பதையும் குறிக்க வேண்டும்.

சொற்கள் நடக்கின்றன, மூட்டுகள் இடம் பெயர்வதில்லை. ஜங்கா என்ற சொல் கணுக்காலிலிருந்து தொடை வரை ஏறிய காலத்திலும் முழங்கால் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐயம் தோன்றும்போது அகராதியைப் புரட்டுமுன் அம்மூட்டைத் தொட்டுப் பார்ப்பது நலம். அன்று என் நண்பர் மட்டையின் நீளத்தைக் கொண்டு என் பிழையைக் கண்டுபிடித்ததும் இம்முறையினால்தான்.